சிறு துவக்கு வாங்குமுன்: சன்னமும் குழலும் சட்டமும்



சென்ற மாத ஞாயிறு உரைக்குப் பிறகு, ஒரே விடயம் பற்றி மூன்று வீடுகளில் இருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. முதலாமவர் பகேரியாப் பக்கம் ஒரு வில்லாவில் காவலும் தோட்ட வேலையும் பார்ப்பவர். முயல்கள் மரக்கறிப் பாத்தியை விட்டுவைப்பதில்லையாம். வீட்டு எசமான் தன் சின்ன றைபிளைக் காட்டி, "நீயே சுட்டுவிடு" என்கிறாராம். இரண்டாமவர் நமது அல்பெர்கேரியாவில் வசிக்கும் ஒரு தாய். மகன் .22 றைபிள் வாங்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். மூன்றாமவரின் தம்பி வன்னியில் தோட்டம் செய்கிறார். குரங்கும் பன்றியும் அழித்தது போக மிச்சம்தான் அவருக்கு. இங்கிருந்து ஏதாவது வாங்கி அனுப்பலாமா என்று கேட்டார்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அதற்கான காரணத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேசாமல் விட்டால் பிள்ளைகள் வேறு எங்காவது அரைகுறையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆகவே பயிர் தின்னும் சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்று செய்யப்படும் றைபிள் எப்படிப்பட்டது, அதன் குழலை எதைக் கொண்டு தெரிவு செய்கிறார்கள், இந்த நாட்டில் அதில் எது செல்லும் எது செல்லாது என்று இம்முறை பார்ப்போம். நான் கணக்கு எழுதுபவன். இதையும் ஒரு கணக்காகவே பார்க்கிறேன்.

முதலில் சில சொற்கள். தோட்டா என்பது முழுத் தொகுதி. அதன் பித்தளை உறை கோது, உள்ளே இருப்பது மருந்து, நுனியில் இருந்து பறந்து போவது சன்னம். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது சொட்கன். உட்சுவரில் புரி வெட்டியிருந்தால் அது றைபிள்.

பயிர் தின்னும் பிராணிகளுக்கென்று தனியாக ஒரு றைபிள் வகை வளர்ந்தது அமெரிக்காவில். பரந்த மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டும் சிறு பிராணிகளை 200, 300 மீற்றர் தள்ளி நின்று சுடவேண்டியிருந்தது. இலக்கு சின்னது, தூரம் பெரியது. அதனால் சன்னம் சிறியதாகவும் வேகம் மிகக் கூடியதாகவும் இருக்கவேண்டியிருந்தது. 1930இல் .22 ஹோர்னெற் வந்தது. 1935இல் வின்செஸ்ரர் வெளியிட்ட .220 சுவிப்ற் செக்கனுக்கு 1,200 மீற்றரைத் தாண்டியது. 1950இல் .222 ரெமிங்ரன், 1964இல் .223, 1965இல் .22-250 என்று வரிசை நீண்டது. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1887இல் வந்த .22 லோங் றைபிள். மக்கள் சும்மா ".22" என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். .22 லோங் றைபிளும் .223உம் குழல் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் ஐந்தரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். வித்தியாசம் கோதில் இருக்கிறது. முதலாவதின் சன்னம் 2.6 கிராம், வேகம் செக்கனுக்கு 330 மீற்றர் அளவு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 140 யூல் சக்தி. .223இன் சன்னம் 3.6 கிராம், வேகம் 980 மீற்றர் அளவு. சக்தி 1,700 யூலுக்கு மேல். ஒரே அகலக் குழல், பன்னிரண்டு மடங்கு சக்தி. மகன் "இரண்டும் .22 தானே அப்பா" என்று சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். சிறிய தோட்டாவில் ஊசி கோதின் விளிம்பில் அடிக்கிறது. விளிம்பு நசியவேண்டும் என்பதால் பித்தளை மெல்லியது, ஆகவே அமுக்கம் தாங்காது. மற்றவற்றில் கோதின் நடுவில் அடிக்கிறது. பித்தளை தடிப்பு, மருந்தும் கூட.

இனி சட்டம். இத்தாலியின் வேட்டைச் சட்டம் 1992ஆம் ஆண்டின் 157ஆம் இலக்கச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு, வேட்டைக்குப் பாவிக்கும் றைபிளின் அளவு 5.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, வெற்றுக் கோதின் நீளம் 40 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்கிறது. கவனமாகப் பாருங்கள், இது உச்ச அளவு அல்ல, குறைந்தபட்ச அளவு. அடிமட்டத்தை வைத்து அளந்தால் .22 லோங் றைபிளின் கோது 15.6 மில்லிமீற்றர். விலக்கு. ஹோர்னெற் 35.6. அதுவும் விலக்கு. .222 ரெமிங்ரன் 43, .223 ஏறக்குறைய 45, .22-250 ஏறக்குறைய 49. இவை அளவுக்குள் வருகின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த .17, .204 போன்ற மெல்லிய குழல்கள் 5.6 மில்லிமீற்றரையே எட்டுவதில்லை. ஆக, அமெரிக்கப் பண்ணைக்காரன் முயலுக்கு எடுக்கும் சின்னத் துவக்கு எதுவோ, அதுவே இத்தாலியில் முயலுக்கு எடுக்க முடியாத துவக்கு. மெல்லிய சன்னம் பிராணியைக் காயப்படுத்தி ஓடவிடும் என்பதும், சத்தம் குறைந்த துவக்கு களவாக வேட்டையாடுபவருக்கு வசதி என்பதும் இந்த விதியின் பின்னால் இருக்கும் நியாயங்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

சரி, அப்படியென்றால் .223 எடுத்துக்கொள்ளலாமா? அதற்கு 21ஆம் பிரிவைப் படிக்கவேண்டும். வீடு, வேலைத்தலம், வாகன வீதி, ரயில் பாதை இவற்றை நோக்கிச் சுடுவதானால், சொட்கனுக்கு 150 மீற்றர் இடைவெளி போதும். றைபிளுக்கோ, அதன் சன்னம் எவ்வளவு தூரம் போகக்கூடுமோ அதன் ஒன்றரை மடங்கு வேண்டும். .22 லோங் றைபிளே நல்ல கோணத்தில் சுட்டால் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் போகும்; ஒன்றரை மடங்கு என்றால் இரண்டேகால். பல்லாறோ சந்தையில் இருந்து அளந்தால் பொலித்தேயாமா அரங்கையும் தாண்டிவிடும். .223 சுமார் மூன்று கிலோமீற்றர் போகும், இடைவெளி நாலரை. பகேரியாவின் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே நாலரைக் கிலோமீற்றருக்கு வீடோ வீதியோ இல்லாத ஒரு திசையை நீங்கள் காட்டுங்கள், பார்ப்போம். கடல்தான் உண்டு.

இதனால்தான் குழல் தெரிவில் முதல் கேள்வி "என்ன பிராணி?" என்பதல்ல, "பிராணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்பது. மண் திட்டி இருந்தால் சன்னம் அங்கே நிற்கும். சமதரையில் கல்லில் பட்டுத் தெறித்தால் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. மெதுவாகப் போகும் ஈயச் சன்னம் உடையாமல் தெறிக்கும். வேகமாகப் போகும் மெல்லிய உறைச் சன்னம் பெரும்பாலும் மண்ணில் பட்டதும் சிதறிவிடும். சிறிய துவக்கு ஆபத்துக் குறைந்தது என்ற எண்ணம் இந்த இடத்தில் தலைகீழாகிறது.

வில்லாவில் வேலை செய்பவருக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. காட்டு விலங்கு அரசின் சொத்து என்று 1977ஆம் ஆண்டின் 968ஆம் இலக்கச் சட்டம் அறிவித்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே தொடர்கிறது. பாத்தி எசமானுடையது, முயல் அவருடையது அல்ல. எலி, சுண்டெலி, அகழான் போன்றவைக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. சேதம் பெரிதென்றால் 19ஆம் பிரிவின் கீழ்ப் பிராந்திய நிர்வாகம் கட்டுப்பாட்டுத் திட்டம் வகுக்கும். 2022 டிசம்பரில் இயற்றிய வரவுசெலவுச் சட்டம் அந்தப் பிரிவை அகலமாக்கி, நகர்ப்புறங்களிலும் காப்பகங்களிலும்கூடக் கட்டுப்பாட்டுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அது அதிகாரிகள் நடத்தும் வேலை. உரிமமும் பயிற்சியும் உள்ளவர்களையே சேர்த்துக்கொள்கிறார்கள். மதோனியே மலைப்பக்கம் காட்டுப்பன்றிகளின் பிரச்சினை எவ்வளவு பாரதூரமானது என்பது உங்களுக்குத் தெரியும். 2015 ஆகஸ்டில் செபலு அருகே ஒரு முதியவர் பன்றிகள் தாக்கி உயிரிழந்தார். (பன்றிக்கு இந்தச் சிறு குழல்கள் எதுவும் பொருத்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அப்படிப்பட்ட இடத்திலும்கூட யாரும் தாமாகத் துவக்கெடுத்துப் போக முடியாது.

ஆகவே, போர்த்தோ தார்மி இல்லாத ஒருவர் எசமானின் றைபிளை எடுத்து ஒரு வெடி வைத்தால், ஆயுதக் குற்றத்தில் மாட்டுபவர் முதலில் அவர்தான். கொடுத்த எசமானும் தப்பமாட்டார். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு பாரம் உண்டு. குடியுரிமை விண்ணப்பத்திலும் வதிவிட அனுமதி புதுப்பிப்பதிலும் குற்றப் பதிவு பார்க்கப்படும். பத்துப் பதினைந்து வருடமாகச் சேர்த்த கடதாசியை ஒரு முயலுக்காகப் பணயம் வைக்கச் சொல்கிறார் எசமான். மறுப்பது மரியாதைக் குறைவல்ல. "உரிமம் இல்லை, கம்பி வலை அடித்துத் தருகிறேன்" என்று சொல்லலாம். முயலுக்கு உண்மையில் நல்ல மருந்து வலைதான். அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துக் கட்டவேண்டும்.

மொட்டைமாடியில் புறாவையும் எலியையும் காற்றுத் துவக்கால் சுடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 7.5 யூலுக்கு மேற்படாத காற்றுத் துவக்கைப் பதினெட்டு வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் 2001ஆம் ஆண்டின் 362ஆம் இலக்க ஆணைப்படி, அதைச் சுடுகளத்திலோ பொதுமக்கள் வராத தனியார் இடத்திலோதான் பாவிக்கலாம். வேட்டைக்கு அது ஆயுதமே அல்ல. உண்மைத் துவக்கை ஆட்கள் வாழும் இடத்தில் வெடிக்கவைப்பது குற்றவியல் கோவையின் 703ஆம் பிரிவில் வருகிறது. தேவையில்லாமல் பிராணியைக் கொல்வதற்கு 544ஆம் பிரிவோடு சேர்ந்த தண்டனை உண்டு. 2025இல் அதைக் கூட்டியும் விட்டார்கள். அல்பெர்கேரியாவில் ஒரு மாடியில் நின்று பார்த்தால் எதிர்ச் சன்னல் ஆறு மீற்றர். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது குழலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதில் சூத்திரம் இருக்கிறது.

சன்னம் நேராகப் பறக்க அது பம்பரம்போலச் சுழலவேண்டும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது குழலின் புரி. ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிக்க எத்தனை அங்குலம் எடுக்கிறது என்பதே குழலின் முறுக்கு. 16 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு, 7 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் இறுக்கமான முறுக்கு. குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். நெட்டைப் பம்பரம் வேகமாகச் சுற்றினால்தான் நிற்கும். சன்னமும் அப்படியே. பாரத்தைவிட நீளம்தான் இதைத் தீர்மானிக்கிறது.

1879இல் ஜோர்ஜ் கிறீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். சன்னத்தின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மேலும் 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுக்கவேண்டும். வேகம் 850 மீற்றருக்கு மேல் போனால் 150க்குப் பதில் 180 போடுவது வழக்கம். செய்து பார்ப்போம். விட்டம் 5.7 மில்லிமீற்றர். 5.7ஐ 5.7ஆல் பெருக்க 32.5. அதை 180ஆல் பெருக்க 5,850. குட்டையான 17 மில்லிமீற்றர் சன்னமானால் 5,850ஐ 17ஆல் வகுக்க 344 மில்லிமீற்றர், அதாவது பதின்மூன்றரை அங்குலம். .222 குழல்கள் வழமையாக 14 அங்குல முறுக்கில் வருவதன் காரணம் விளங்குகிறதல்லவா? நீண்ட 25 மில்லிமீற்றர் சன்னமானால் 234 மில்லிமீற்றர், ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். விளிம்பில் நிற்காமல் இருக்க நடைமுறையில் 8 அல்லது 7 அங்குலம் எடுப்பார்கள்.

.223 குழல்கள் 12, 9, 8, 7 என்று பல முறுக்கில் கடைகளில் கிடைக்கும். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. நீண்ட சன்னத்தை 12 அங்குலக் குழலில் போட்டால் அது தள்ளாடி, கடதாசி இலக்கில் பக்கவாட்டாகத் துளை போடும். மறுபக்கம், மெல்லிய உறையுள்ள குட்டைச் சன்னத்தை 7 அங்குலக் குழலில் முழு வேகத்தில் விட்டால் சிலவேளை காற்றிலேயே பிய்ந்துபோகும். செக்கனுக்கு 980 மீற்றர் வேகம், 12 அங்குல முறுக்கு என்றால் சன்னம் செக்கனுக்கு 3,200 தடவை சுழல்கிறது. 7 அங்குலம் என்றால் 5,500 தடவை. ஆகவே துவக்கைப் பார்த்துச் சன்னம் வாங்குவது பிழையான ஒழுங்கு. எந்தச் சன்னம் என்று முதலில் முடிவு செய்யவேண்டும். குழல் அதற்குப் பின்னால் வரும்.

ஈயத்தின் கதையும் இதற்குள் நுழைகிறது. 2023 பெப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் சொட்கனின் ஈயக் குண்டுகளைத் தடை செய்திருக்கிறது. றைபிள் சன்னத்துக்கு அந்தத் தடை பொருந்தாவிட்டாலும், செப்புச் சன்னம் பாவிப்போர் கூடிவருகிறார்கள். செப்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது. அதே பாரத்துக்குச் சன்னம் நீளமாகும். நீளமானால் முறுக்கு இறுகவேண்டும். பழைய 14 அங்குலக் குழலை மலிவாக வாங்குபவர் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

குழலின் தடிப்பு அடுத்தது. அடுத்தடுத்துச் சுட்டால் மெல்லிய குழல் சூடேறி, சன்னம் படும் இடம் மெல்ல நகரும். தடித்த குழல் ஆறுதலாகச் சூடேறும், அசைவும் குறைவு, ஆனால் பாரம். ஒரே இடத்தில் இருந்து நாள் முழுதும் சுடும் அமெரிக்கருக்குத் தடித்த குழல் சரி. மலையேறி ஒரு நரிக்கு ஒரு வெடி வைப்பவருக்கு மெல்லியது போதும். சுடுகளத்துக் கடதாசிக்குச் சந்தேகமில்லாமல் தடித்ததுதான். நீளம் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம்: .223இல் 24 அங்குலத்தை 20 ஆக்கினால் வேகத்தில் குறைவது 30 மீற்றர் அளவு. .22 லோங் றைபிளில் மருந்து கொஞ்சம் என்பதால் 16 முதல் 19 அங்குலத்துக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும்; அதற்கு மேல் உள்ள நீளம் குறி பார்க்கும் வசதிக்குத்தான். தேய்மானத்தில் .220 சுவிப்ற் பெயர் கெட்டது. அவ்வளவு சூடான வாயு குழலின் தொண்டையை அரித்துவிடும். .22 லோங் றைபிள் குழல் ஒழுங்காகப் பராமரித்தால் வாங்கியவரின் பிள்ளைக்கும் உழைக்கும்.

வன்னித் தம்பியின் விடயம். இங்கிருந்து துவக்கோ குழலோ அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் வருடா வருடம் புதுப்பிக்கவேண்டியது. பயிர் காக்க மாவட்டச் செயலகம் வழியாக அனுமதிக்கப்படுவதும் வழமையாக 12 போர் சொட்கன்தான், றைபிள் அல்ல. வயலுக்குப் பக்கத்திலேயே வீடுகள் உள்ள ஊரில் கிட்டத்தில் விழும் குண்டே பொருத்தம்; பகேரியாவுக்கு நாம் போட்ட அதே கணக்கு. இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் அங்கே இன்னும் ஆட்களையும் மாடுகளையும் முடமாக்கிக்கொண்டிருக்கின்றன. கட்டுத்துவக்குக்கு எது பன்றி, எது பள்ளிக்கூடப் பிள்ளை என்று தெரியாது. குரங்குத் தொல்லை அரசாங்கத்துக்கும் தெரிந்ததுதான்: 2025 மார்ச் 15ஆம் திகதி, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தத்தம் காணியில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் மக்களையே எண்ணச் சொன்னார்கள். தம்பிக்கு அனுப்புவதானால் வேலிக்குக் காசு அனுப்புங்கள்.

மகனைப் பற்றிக் கேட்ட தாய்க்கு நான் சொன்னது வேறு. பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் என்றால் அடக்கவேண்டாம், தீரோ ஆ சென்யோ நட்சியோனாலேக்குக் கூட்டிப் போங்கள். பலெர்மோவிலும் அதற்குக் கிளை உண்டு. பதினெட்டு வயது ஆகாதவர்களும் பெற்றோரின் ஒப்புதலோடு காற்றுத் துவக்கில் பயிலலாம். அங்கே கழகத்தின் துவக்கு, பயிற்றுநர், காதுக்கு மூடி, பின்னால் சுவர் எல்லாம் இருக்கின்றன. சொந்தமாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. இத்தாலியின் நிக்கொலோ கம்பிரியானி 2012 லண்டனில் ஒரு தங்கமும் 2016 ரியோவில் இரண்டு தங்கமும் வென்றது காற்றுத் துவக்கிலும் .22இலும்தான். அவர் பிறகு சுவிற்சர்லாந்தில் அகதிகளுக்குச் சுடப் பழக்கினார். அவரிடம் பழகிய எரித்திரியப் பெண் லூனா சொலமன் 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக 10 மீற்றர் போட்டியில் நின்றார். இதைச் சொன்னபோது அந்தத் தாய் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?" என்று கேட்டார்.

பதினெட்டு முடிந்து, கையாளும் சான்றிதழ் பெற்று, மருத்துவப் பரிசோதனை முடித்து, குவெஸ்தூராவில் விளையாட்டு உரிமம் எடுத்த பிறகு வாங்குவதானால், முதல் துவக்கு .22 லோங் றைபிளாகவே இருக்கட்டும். 2018ஆம் ஆண்டு மாற்றத்தின் பின் அந்த உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அது சுடுகளத்துக்கான கடதாசி. வேட்டைக்குத் தனிப் பரீட்சையும் தனி உரிமமும் உண்டு. வேட்டைக்காரர் ஒவ்வொரு வருடமும் பிராந்தியம் வெளியிடும் வேட்டைக் காலண்டரையும் பார்க்கவேண்டும்.

பாவித்த துவக்கு வாங்கும்போது குழலின் வாய் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கே சிறு பொளி இருந்தாலும் சன்னம் கோணிப் போகும். மற்றப் பாகம் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பிறகு வெளிச்சத்தைப் பார்த்துக் குழலின் உள்ளே நோக்குங்கள். புரியின் விளிம்புகள் கூராகத் தெரியவேண்டும். குழலில் சோதனை முத்திரை இருக்கவேண்டும். இத்தாலியில் அந்த முத்திரையை இடுவது பிரேசியா மாவட்டத்துக் கர்தோனே வால் துறொம்பியாவில் 1910இல் தொடங்கிய தேசியச் சோதனைக்கூடம். வெளிநாட்டுத் துவக்கானால் ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த நாட்டு முத்திரை. துவக்கின் இலக்கம் கடதாசியில் உள்ள இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்தவேண்டும். கையில் கிடைத்த நேரத்தில் இருந்து 72 மணித்தியாலத்துக்குள் கரபினியேரியிடமோ குவெஸ்தூராவிடமோ அறிவித்துவிடவேண்டும். வெள்ளி பின்னேரம் வாங்கினால் திங்கள் பின்னேரம் முடிந்துவிடும், ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் இருந்தால், அவர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பது உரிமம் எடுத்தவரின் பொறுப்பு என்று 1975ஆம் ஆண்டின் 110ஆம் இலக்கச் சட்டம் தனியாகவே சொல்கிறது. துவக்கை ஓர் இரும்புப் பெட்டியிலும் தோட்டாவை இன்னொன்றிலும் வையுங்கள். திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தால் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது சின்னவன்தான்.